குலத்திற் பிறந்த சொல்



இரக்கமுள்ளவரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் எளிய சொல் ‘கைண்ட்’ என்பது. இதே சொல் ‘வகை’, ‘இனம்’ என்றும் பொருள்படுகின்றது. இவ்விரு பொருளுக்கும் தொடர்பு யாது என்று மாணவர் வினவுவதுண்டு. வினவத்தக்கதே.

இரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பிறப்பையும், பிறப்போடு வந்த இயல்பையும் குறித்தது. சுற்றத்தாரைக் குறிக்கும் ‘கின்’ என்பது இதற்கு உறவான சொல். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில், நிலத்தின் விளைபொருள்களுக்குக் ‘கைண்ட்லி’ என்னும் அடை வருகின்றது. நிலம் தன் இயல்பிலே தருபவை என்பதே அங்குப் பொருள்.

தன் குலத்தாரிடம் பரிவு காட்டுதல் மனிதனுக்கு இயல்பு எனக் கருதிய மக்கள், இயல்பைக் குறித்த சொல்லையே பரிவுக்கும் வழங்கினர். 14ஆம் நூற்றாண்டில் இப்பொருள் வழக்கில் இருந்தது. அக்காலத்தில் ‘அன்கைண்ட்’ என்பது இயற்கைக்கு மாறானவனையும் சுட்டிற்று. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் உடன்பிறந்தானைக் குறித்துப் பேசும்போது, உறவு, பரிவு என்னும் இவ்விரு சொற்களையும் எதிரெதிரே நிறுத்துகின்றான். உறவு மிகுந்தவிடத்தே பரிவு குறைந்தது என்பது அவன் உள்ளக் குமுறல்.

மென்மையைக் குறிக்கும் ‘ஜென்டில்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஒரே குலத்தவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது.

ஆனால் இன்றைய வழக்கைப் பாருங்கள். தன் பிள்ளைக்குச் சோறூட்டும் தாயை எவரும் இச்சொல்லாற் சிறப்பிப்பதில்லை. முன்பின் அறியாத வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுப்பவரையே சிறப்பிக்கின்றனர். குலத்துள்ளே பிறந்த சொல், குலத்தின் வேலியைத் தாண்டி அயலாரிடம் சென்று சேர்ந்துவிட்டது.

நமக்கும் இதிலே ஓர் உறவுண்டு. வடமொழியில் பிறப்பைக் குறிக்கும் ‘ஜன்’ என்னும் வேரும் ‘கின்’ என்பதன் வேரும் ஒன்றே என்பது மொழிநூலார் முடிபு. அவ்வேரிலிருந்து ‘ஜனம்’ வந்தது. அதையே நாம் ‘சனம்’ என்கின்றோம். ‘எங்கள் சனம்’ என்று நாள்தோறும் சொல்கின்றோம். துன்பம் வந்த வேளையில் அச்சொற்றொடர் பலருக்குச் சோறும் நிழலும் தந்திருக்கின்றது. வேறு பலரைப் படலைக்கு வெளியே நிறுத்தியும் இருக்கின்றது.

அடுத்த முறை அதனைச் சொல்லும்போது, அதற்குள் யார் யாரை அடக்குகின்றோம் என்று எண்ணிப் பார்ப்போமாக.