குரலும் கோணமும்

கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளில் தமிழும் சிங்களமும் மலாயும் அருகருகே ஒலிக்கும். 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொட்டு, கொழும்பு மாநகரிலிருந்து பலர் தொழில் நாடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றனர். தொலைபேசி அருமையாயிருந்த அக்காலத்தில், அவர்களுட் பலர் தம் குரலைக் கசெற்றிற் பதிந்து வீட்டிற்கு அனுப்பினர். எழுத்தறியாத தாய்க்கும் அது கடிதமாயிற்று.

அத்தகைய கசெற் ஒன்றையும் கைப்பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு மூதாட்டியார் திருத்தகம் ஒன்றுக்கு வருகிறார் எனக் கொள்க.

“தம்பி, மகனுடைய குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கிறது. நாடா கெட்டுவிட்டதா?”

“நாடா கெடவில்லை, அம்மா. மகன் பேசிய பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் கோணம் ஒத்துவரவில்லை.”

இவ்விடையிற் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ் செய்த கசெற்றில், நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. ‘ஹெட்’ எனப்படும் காந்தத் தலையின் முகத்தில், மயிரினும் நுண்ணிய இடைவெளி ஒன்றுண்டு. அது நாடாவின் ஓட்டத்திற்குச் செங்குத்தாக நிற்றல் வேண்டும். கைப்பெட்டி விழுந்தோ அதிர்ந்தோ திருகாணி நெகிழ்ந்தால், தலை சாய்ந்துவிடும்.

சாய்ந்தால் நேர்வது யாது? பேர வாவியில் மிதக்கும் பலகையை நினைத்துப் பார்க்கலாம். பேரலை அதனை முழுவதும் தூக்கும். சிற்றலைகளின் குறுக்கே சரிந்து கிடக்கும்போதோ, ஒரு பகுதி முகட்டிலும் மறு பகுதி பள்ளத்திலும் நிற்க, பலகை அசையாது. செக்கனுக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலை, நாடாவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் நீளமுடையது. 10,000 முறை அதிரும் ஒலிக்கோ, ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கே நீளம். ஒற்றைத் தடப் பதிவில், தலை ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே அவ்வொலி அடங்கிவிடும். உயிரெழுத்துகளின் ஒலி நிற்கும். சகர ஸகரங்களின் கூர்மை மறையும்.

பரிகாரம் எளிது. மதுசாரம் தோய்த்த பஞ்சினால் தலையை முதலிலே துடைத்தல் வேண்டும். அழுக்கும் ஒலியை மங்கச் செய்யும். பின்னர் நாடாவை ஓடவிட்டு, தலையருகே வில்லுடன் அமைந்த திருகாணியை, காந்தமேறாத திருப்புளியால் சிறிது சிறிதாகத் திருப்பி, சகரம் தெளியுமிடத்தில் நிறுத்துதல் வேண்டும். மகனுடைய பெட்டி அன்று சாய்ந்திருந்ததாயின், அச்சாய்வே இந்நாடாவுக்கு நேர்கோணம். வேலை முடிந்ததும், தலையைப் பழையபடி செங்குத்தாக நிறுத்துவதும் கடன்.

இன்று பழைய குரல்களைக் கணினிக்கு மாற்றுவோர் பலர். கோணத்தைச் சரிசெய்யாது மாற்றிவிட்டு மூலநாடாவை எறிந்துவிட்டால், பிரதியில் ஏறாத ஒலியைப் பின்னர் எக்கருவியாலும் மீட்டல் இயலாது. மங்கிய குரலெல்லாம் மாண்ட குரலன்று. எறிவதற்கு முன் ஒரு திருகாணியைத் திருப்பிப் பார்த்தல் நன்று.

மூதாட்டியார் காதைப் பெட்டியருகே வைக்கிறார். “அம்மா, சுகமா?” என்று மகன் கேட்பது, இப்போது ஒவ்வோர் எழுத்தாய்த் தெளிவாகக் கேட்கிறது.