மொழிபெயர்க்கும் பிள்ளைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கனடாத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் 1983 ஆடிக் கலவரத்தில் தொடங்குவர். 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரை அடுத்துக் குறிப்பிடுவர். பின்னர் வீடு, கடை, கோயில், பத்திரிகை என வளர்ச்சியின் கதை நீளும். அக்கதையில் இடம்பெறாத உழைப்பு ஒன்றுண்டு. வைத்தியசாலையிலும் வங்கியிலும் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே நின்று, பெரியோர் பேச்சை இரு மொழிகளிலும் சுமந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உழைப்பே அது.

ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகளில், தந்தை இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் சென்ற வீடுகளில், பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தைப் பிள்ளையே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. எந்தப் பிள்ளையின் நடத்தை பற்றி அக்கடிதம் முறையிட்டதோ, அதே பிள்ளைதான் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளன். மூலத்தை மென்மையாக்குவதற்கு இத்தகைய காரணம் எந்த மொழிபெயர்ப்பாளனுக்கும் வாய்த்ததில்லை!

இது நகைப்போடு முடிவதன்று. ஒன்ராறியோவில் 1999 முதல் ஒன்பதாம் வகுப்பின் முக்கிய பாடங்கள் இரு பிரிவுகளாயின. ஒன்று பல்கலைக்கழகம் நோக்கிய கல்விப் பிரிவு. மற்றது செயன்முறைப் பிரிவு. எதில் சேர்வது என்பதை எட்டாம் வகுப்பிலேயே ஒரு படிவத்தில் குறித்துப் பெற்றோர் ஒப்பமிட வேண்டியிருந்தது. பிரிவை விட்டுப் பிரிவு மாறுதல் விதிப்படி இயன்றது, நடைமுறையில் அருமையாயிருந்தது. செயன்முறைப் பிரிவில் கறுப்பின மாணவர்களும் வறிய குடும்பங்களின் பிள்ளைகளும் தம் தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் நிறைந்திருந்தனர். படிவத்தின் பொருளை விளக்க வேண்டியவர் எவர்? அதே பதின்மூன்று வயதுப் பிள்ளை. பல்கலைக்கழகக் கனவோடு கடல் கடந்த தகப்பன், அக்கனவின் கதவை அடைக்கும் தாளில் தன் கையாலேயே ஒப்பமிட்டிருக்கக்கூடும். கணிதத்தில் 2021ஆம் ஆண்டிலும், ஏனைய பாடங்களில் 2022ஆம் ஆண்டிலும் இப்பிரிவினை ஒன்பதாம் வகுப்பில் நீக்கப்பட்டது. அதற்கிடையில் ஒரு தலைமுறை படித்து முடித்துவிட்டது.

பிந்தி வந்த பிள்ளைகளின் நிலை வேறு. இடம்பெயர்வில் பள்ளி ஆண்டுகளை இழந்த சிறுவனும் வயதைக் கொண்டே வகுப்பில் அமர்த்தப்பட்டான். இத்தகையோருக்கென ரொறன்ரோக் கல்விச் சபை ‘லீப்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. எழுத்தும் எண்ணும் சிறு குழுவில் மீளக் கற்பிக்கப்படுகின்றன. வகுப்பறையில் ஊமையாயிருந்தவன் வெளியே தன்னை மதிக்கும் கூட்டத்தைத் தேடுவது இயல்பு. 1990களில் அக்கூட்டம் சில வேளைகளில் ஆயுதமேந்திய குழுவாகவும் அமைந்தது. ஒரே இனத்து இளைஞர் ஒருவரையொருவர் தாக்கி மாய்ந்தனர். செய்தித்தாள்கள் ஓர் இனம் முழுவதையும் ஐயுற்றன. சமூகத்துப் பெரியோர் பலர் வெட்கத்தால் வாய் மூடினர். அந்த மௌனமும் பிள்ளைகளைக் கைவிட்ட ஒரு வகைதான்.

மௌனத்தைக் கலைத்தவர்கள் இளைஞர்களே. 1990களின் பிற்பகுதியில் தோன்றிய கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையம் அவர்களின் முயற்சி. வீட்டுப் பாடத்திற்குத் துணை, ஆலோசனை, தலைமைப் பயிற்சி ஆகிய பணிகள் தனித்தனியே புதியனவல்ல. வழிகாட்டியும் அதே மாடிக் குடியிருப்பில் வளர்ந்து, அதே கடிதங்களை மொழிபெயர்த்தவராயிருந்ததே புதுமை. அவரிடம் பொய் சொல்லுதல் கடினம். உண்மை சொல்லுதல் எளிது.

அரசின் போக்கு அக்காலத்தில் எதிர்த்திசையில் சென்றது. 2000ஆம் ஆண்டின் பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம் இடைநிறுத்தலையும் வெளியேற்றலையும் முதன்மைப்படுத்தியது. கறுப்பின மாணவரையும் ஊனமுற்ற மாணவரையும் அது மிகுதியாகப் பாதிக்கிறது என்ற முறைப்பாடுகள் மனித உரிமை ஆணைக்குழு வரை சென்றன. 2008 பெப்ரவரி முதல் அதன் கடுமை தளர்த்தப்பட்டது. அவ்வாண்டிலேயே றோய் மக்மேர்ட்றி, அல்வின் கேர்லிங் ஆகிய இருவரும் இளைஞர் வன்முறையின் வேர்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். வறுமை, இனவாதம், கல்விமுறையின் குறைபாடு ஆகியவற்றோடு, இளைஞரின் குரல் கேட்கப்படாமையையும் அவர்கள் ஒரு வேராகக் கண்டனர். வீட்டில் எல்லோருக்காகவும் பேசிய பிள்ளைக்கு வெளியே பேச இடமில்லை என்பதன் பொருள் இதுவே.

பாடசாலைகளில் குடியேற்ற உதவிப் பணியாளரை அமர்த்தும் திட்டம் ரொறன்ரோவில் 1999இல் தொடங்கியது. பெற்றோரின் மொழியறிந்த ஒருவர் படிவத்தை விளக்கிச் சொல்ல, பிள்ளை அன்று பிள்ளையாக மட்டும் அமர்ந்திருக்க முடிகிறது. இந்தச் சிறு மாற்றத்தின் பெறுமதியைப் புள்ளிவிபரத்தில் காட்டல் அரிது. அதனாலேயே நிதி ஒதுக்குவோர் கண்களுக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. சமூக அமைப்புகள் பலவும் குறுங்கால மானியங்களிலேயே தங்கியுள்ளன. மானியம் முடியும்போது பணியாளர் வேறு வேலை தேடிச் செல்கிறார். பதினான்கு வயதில் ஒருவரை நம்பத் தொடங்கிய பிள்ளை, பதினாறு வயதில் வேறொருவருக்குத் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிறது. பலர் இரண்டாம் முறை சொல்வதில்லை.

பணமின்றியும் ஆகக்கூடியது ஒன்றுண்டு. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற, மாணவர் 40 மணி நேரச் சமூகத் தொண்டு ஆற்ற வேண்டும். இலக்கிய வட்டங்களின் மண்டபங்கள் வார நாட்களில் வெறுமையாகவே கிடக்கின்றன. அங்கே பதினோராம் வகுப்பு மாணவி ஏழாம் வகுப்புச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மேல்மேசையில் ஒரு பெரியவர் இருந்து, பாடசாலைக் கடிதங்களைப் பெற்றோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டலாம். இரவு வேலைக்குப் போகும் தகப்பனும் வரக்கூடியதாக, பிற்பகல் நான்கு மணிக்கே கதவு திறந்திருக்க வேண்டும்.