காகிதப் பையில் ஓர் ஏடு



நம் வீடுகளுக்கு நாள்தோறும் வந்து, நாள்தோறும் குப்பைக்குப் போகும் எளிய பொருள் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். மருந்துக் கடையில் மாத்திரையையும், துணிக் கடையில் இரவிக்கைத் துணியையும், பழக் கடையில் கொய்யாவையும் இட்டுத் தருகிறார்களே, அந்தப் பழுப்பு நிறக் காகிதப் பைதான் அது. அத்தகைய பைகளை மடித்துத் தைத்து, நினைவுக்குரிய சிறு பொருள்களைச் சேர்த்து வைக்கும் ஏடாக ஆக்கலாம். ஆங்கிலத்தில் இதனை ஸ்கிராப் புக் என்பர். நாம் ஒட்டேடு என்று சொல்லிக்கொள்வோம்.

'இதற்கும் ஒரு வானொலிப் பேச்சா?' என்று சிலர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் நகைத்திருப்பேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு கடலைப் பொட்டலம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் திருக்கழுக்குன்றம். செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, குன்றின் மேல் வேதகிரீசுவரரும் அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரும் கோயில் கொண்டுள்ள பழம்பதி அது. நண்பகல் வேளையில் இரண்டு கழுகுகள் குன்றுக்குப் பறந்து வந்து, அங்கே இடப்படும் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். அந்தக் காட்சியைக் காண வெளிநாட்டாரும் வந்ததுண்டு. பட்சி தீர்த்தம் என்ற பெயரும் அதனால் ஏற்பட்டதே. சிறுவனாக இருந்தபோது விடுமுறை நாள்களில் படியேறி நானும் அவற்றைக் கண்டிருக்கிறேன். 1990களின் பிற்பகுதியோடு அவற்றின் வருகை நின்றுபோயிற்று.

என் தந்தையார் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தவர். கடையில் எழுதிய கை வீட்டிலும் சும்மா இராது. மழை பெய்தால் குறித்து வைப்பார். சங்கு தீர்த்தத்தில் நீர் எத்தனையாவது படி வரை ஏறியது என்று குறிப்பார். உச்சிப்போதில் கழுகு வந்ததா, வந்தால் ஒன்றா இரண்டா என்றும் குறிப்பார். பழைய கணக்குத் தாளின் பின்புறமே அவருக்குப் போதும். அவற்றை அவர் தைக்கவும் இல்லை, கட்டி வைக்கவும் இல்லை. ஒரு தகரப் பெட்டியில் தாள் தாளாகப் போட்டு வந்தார்.

அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்றபின் வீட்டைப் பழுது பார்க்க நேர்ந்தது. பெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்த தாள்களில் புளி, பருப்பு, எண்ணெய் என்று பழைய சில்லறைக் கணக்குகளே தென்பட்டன. புரட்டிப் பார்க்கவில்லை. தெருவில் பழைய தாள் வாங்குபவரின் குரல் கேட்டது. நிறுத்துக் கொடுத்துவிட்டேன். என்ன விலை கிடைத்தது என்பதுகூட இன்று நினைவில் இல்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். மாலையில் சங்கு தீர்த்தக் கரையில் உலாவச் சென்றவன் வறுத்த கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தை எறியப் போகும்போது அதில் தெரிந்த எழுத்து என்னை நிறுத்தியது. தந்தையாரின் கை. பிரித்துப் படித்தேன். 'வெள்ளிக்கிழமை. உச்சிப்போது. இன்று ஒன்றே வந்தது. மற்றதைக் காணோம். நெடுநேரம் நின்று பார்த்தேன்.' அவ்வளவுதான். தேதி எழுதியிருந்த மேல் ஓரம் கிழிந்து போயிருந்தது. மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை.

கடலை விற்கும் அம்மையாரிடம் ஓடினேன். "கடலையில் கல் ஏதும் இருந்ததா ஐயா?" என்று அவர் பதறினார். செய்தியைச் சொன்னேன். மடித்து வைத்திருந்த தாள்களை எல்லாம் என் முன் வைத்து, "உங்கள் வீட்டுத் தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் வேறு தாளில் மடித்துக்கொள்கிறேன்" என்றார். தேடியதில் இன்னும் இரண்டு தாள்கள் கிடைத்தன. மற்றவை கடலையோடு ஊரெல்லாம் சென்று சேர்ந்துவிட்டன. இவ்வாறாகப் பல ஆண்டுக் குறிப்பில் எஞ்சியது மூன்று தாள். இழப்புக்குக் காரணம் கரையானும் அன்று, வெள்ளமும் அன்று. நானேதான்.

வீட்டுக்கு வந்து அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவற்றை எங்கே வைக்கப் போகிறீர்கள், தாத்தா?" என்று கேட்ட என் பேத்தி, மேசை மேல் கிடந்த மருந்துக் கடைப் பையை எடுத்து அவற்றை அதனுள் இட்டாள். அந்தப் பையிலிருந்துதான் எங்கள் ஏடு தொடங்கியது. பையாகிப் போன ஏட்டுக்கு ஈடாக, பையை ஏடாக்கலாம் என்று தோன்றியது.

காகிதப் பை நமக்குப் பழகிய பொருளேயாயினும், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் பிரான்சிஸ் வோல் என்பவர் 1852இல் உரிமம் பெற்றார். அடிப்பகுதி தட்டையாக அமைந்து நிமிர்ந்து நிற்கும் பையைச் செய்யும் இயந்திரத்துக்கு 1871இல் உரிமம் பெற்றவர் மார்கரெட் நைட் என்ற பெண்மணி. நம் நாட்டிலோ பிளாஸ்டிக் உறை வந்தபின் காகிதப் பை பின்தங்கியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டபின், கடைகளில் காகிதப் பை மீண்டும் இடம் பிடித்தது. ஆகவே ஏடு செய்வதற்கான பொருளை நாம் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை.

ஒட்டேட்டின் மீது பெரியோர்க்கும் ஆசை இருந்தது. நாவலாசிரியர் மார்க் டுவைன், நீர் தடவினால் ஒட்டிக்கொள்ளும்படி முன்பே பசை பூசிய பக்கங்களைக் கொண்ட ஒட்டேட்டைக் கண்டறிந்து, 1873இல் அதற்கு உரிமம் பெற்றார். நம் நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை நினைக்க வேண்டும். நூல்களையும் இதழ்களையும் திரட்டியதோடு அவர் நிற்கவில்லை. நாடக விளம்பரத் தாள், திருமண அழைப்பிதழ் என்று பிறர் எறிந்துவிடும் தாள்களையும் பொன்போல் காத்தார். 1992இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்தவற்றை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று அவர் பெயராலேயே அமைந்தது. இன்று தமிழர் வாழ்க்கையை ஆராய்வோர் அங்கே செல்கின்றனர். ஒரு தனி மனிதர் எறியாமல் வைத்ததன் பயன் அது.

இனிச் செய்முறையைக் கூறுகிறேன். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ள விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே அளவுள்ள பைகள் 4 வேண்டும். 5 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் கொண்டவை பொருத்தமானவை. எண்ணெய்க் கறை படிந்த பை ஆகாது. அந்தக் கறை பக்கத்துத் தாளுக்கும் பரவும். கைப்பிடி இருந்தால் வெட்டிவிடுக. பைகளை நன்றாகத் தட்டையாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக. அடுக்கும்போது ஒரு பையின் வாய் வலப்புறம் இருந்தால் அடுத்ததன் வாய் இடப்புறம் இருக்க வேண்டும். பிறகு நான்கையும் சேர்த்து நடுவில் மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இப்போது உங்கள் கையில் 5 அங்குலச் சதுரத்தில் 16 பக்கங்கள் உள்ள ஏடு இருக்கிறது. பைகளின் வாய்கள் ஏட்டின் இருபுறமும் சிறு சட்டைப்பை போல் அமைந்துவிடும். இவ்வேட்டின் சிறப்பே இதுதான். ஒட்டக் கூடாத பொருளை அதனுள் செருகி வைக்கலாம்.

அடுத்தது தையல். மடிப்பின் மீது நடுவில் ஒன்று, மேலிருந்து 1 அங்குலத்தில் ஒன்று, கீழிருந்து 1 அங்குலத்தில் ஒன்று என 3 துளைகள் இடுக. கோணி ஊசியைச் சிறுவர் கையில் கொடுக்காமல் பெரியோரே துளையிடுவது நன்று. தடித்த பருத்தி நூலில் ஒரு முழ அளவு எடுத்து, மெழுகின் மீது ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது. ஏட்டின் உட்புறமிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே விடுக. மேல்துளை வழியே உள்ளே வருக. உட்புறமாகவே நடுத்துளையைக் கடந்து சென்று கீழ்த்துளை வழியே வெளியேறுக. மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே வந்தால், நூலின் இரு முனைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும். இடையே ஓடும் நீண்ட இழையை இருமுனைகளுக்கும் நடுவில் இருத்தி முடிச்சிடுக. தையல் முடிந்தது.

மேலட்டைக்கு ஆண்டு முடிந்த தினசரி நாட்காட்டியின் அட்டையே போதும். பக்கத்தைவிடக் கால் அங்குலம் பெரிதாக இரண்டு துண்டுகள் வெட்டி, முதுகுப்புறத்தில் பழைய வேட்டித் துணியால் இரண்டையும் இணைத்து, முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவற்றின் உட்புறம் ஒட்டிவிடுக. எழுதவும் ஒட்டவும் 14 பக்கங்கள் எஞ்சும்.

பசையைக் கடையில் வாங்க வேண்டா. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்சினால் பளபளப்பான பசை கிடைக்கும். பூச்சி வராதிருக்கப் பழங்காலத்துப் புத்தகத் தையற்காரர்கள் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைத் தொடவே வேண்டா. பசையை மெல்லியதாகப் பூசி, பக்கங்களுக்கிடையே உலர்ந்த தாள் வைத்து, பலகையும் அதன்மேல் அம்மிக் குழவியும் ஏற்றி ஓரிரவு விட்டுவிடுக. ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் இதில் பெருங்கவனம் வேண்டும்.

ஏட்டைச் சுவரோடு ஒட்டியோ தரையிலோ வைத்தல் கூடாது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு முதலிய மருந்துப் பொருள்களை இடித்துச் சிறு துணி முடிப்பாகச் சுவடிகளின் அருகே வைத்துப் பூச்சியை விலக்குவது வழக்கம். நாமும் ஒரு வசம்பு முடிப்பை ஏட்டின் பக்கத்தில் வைக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பழுப்புக் காகிதமும் செய்தித்தாளும் நாளடைவில் நிறம் மாறி நொறுங்கக் கூடியவை. விலைமதிக்க முடியாத நிழற்படத்தையும் கடிதத்தையும் இவ்வேட்டில் ஒட்டிவிடாமல் நல்ல வெள்ளைத் தாளுறையில் தனியே காத்து, அவற்றின் படியை மட்டும் இதில் ஒட்டுவதே அறிவுடைமை.

எதைச் சேர்ப்பது? பேருந்துச் சீட்டு, தேர்த் திருவிழா அழைப்பிதழ், பாட்டியின் கையெழுத்தில் ஊறுகாய்ச் செய்முறை, உலர்ந்த வேப்பிலை, பள்ளிக்கூடத்துக் கட்டணச் சீட்டு, எதுவும் ஆகும். எங்கள் குன்றிலுள்ள ஒருகல் மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் செதுக்கிச் சென்றுள்ளனர். வந்ததற்கு ஓர் அடையாளம் வைக்க வேண்டும் என்ற ஆசை மனித இயல்பு. ஆனால் பல்லவர் காலத்துக் கல்லின் மீது கைவைக்க நமக்கு என்ன உரிமை? அந்த ஆசையைத் தீர்க்க ஒரு காகிதப் பை இருக்கிறதே!

அவர்களிடம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. அவர்கள் ஆண்டைச் செதுக்கினார்கள். என் தந்தையாரின் தாளில் இல்லாமற்போனது அதுதான். இந்தியா முழுவதும் பாறு இனப் பறவைகள் 1990களில் பெருமளவு குறைந்தன. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி மருந்து, இறந்த மாடுகளின் உடல் வழியே பாறுகளின் உயிரைக் குடித்தது என்று பின்னர் அறிஞர் கண்டனர். கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. எங்கள் குன்றுக்கு வந்தவையும் பாறு இனத்தைச் சேர்ந்தவையே. மஞ்சள்முகப் பாறு என்று அவற்றைக் கூறுவர். எங்கள் ஊரில் நேர்ந்ததற்கும் அதுவே காரணமா என்று நான் சொல்ல வரவில்லை. 'இன்று ஒன்றே வந்தது' என்ற அந்தக் குறிப்பின் தலையில் ஓர் ஆண்டு மட்டும் இருந்திருக்குமானால், பறவை நூலார்க்கு அது ஒரு சான்றாகியிருக்கும். இன்று அது ஒரு மகனுக்கு மட்டுமே உரிய வருத்தமாக நிற்கிறது.

ஆதலால் நேயர்களே, எதை ஒட்டினாலும் அதன் கீழே நாள், மாதம், ஆண்டு, இடம், கொடுத்தவர் ஆகியவற்றை எழுதுங்கள். மையினும் கரிக்கோல் நல்லது. நீர் பட்டாலும் கரையாது.

எங்கள் ஏட்டின் முதல் பையில் அந்த மூன்று தாள்களும் வெள்ளுறைக்குள் இருக்கின்றன. கடலையின் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் என் பேத்தி தன் கையால் எழுதியிருக்கிறாள்: 'தாத்தாவின் அப்பா எழுதியது. ஆண்டு தெரியாது. சங்கு தீர்த்தக் கரையில் கடலை விற்கும் ஆயா திருப்பிக் கொடுத்தார்.' அதன் கீழே அன்றைய தேதியை ஆண்டோடு முழுமையாக எழுதினாள். நான் சொல்லித் தரவில்லை.

இன்று உங்கள் வீட்டுக்கு ஒரு காகிதப் பை வருமானால், அதைக் கசக்கும் முன் ஒருமுறை மடித்துப் பாருங்கள்.