பொடுதலை

உத்திரமேரூர் வட்டாரத்தின் ஏரிக்கரைகளிலும் குளத்தோர ஈரமண்ணிலும் தரையோடு தரையாகப் படரும் பொடுதலை, நிமிர்ந்து நிற்கவே அறியாத பூண்டு எனலாம். தண்டின் ஒவ்வொரு கணுவும், அதாவது இலை கிளம்பும் முடிச்சும், ஈரமண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடுவதால், மாடு மிதித்து அறுந்த துண்டும் தனிச்செடியாகத் தழைத்துக் கரைமண்ணைப் பிடித்துக்கொள்கிறது.

இலைக்கக்கத்திலிருந்து எழும் நெட்டைக் காம்பின் நுனியில், தீக்குச்சித் தலையை ஒத்த கருஊதாக் கொண்டை அமைந்திருக்கும். அதன் மொட்டுகள் அனைத்தும் ஒருசேர மலராமல், அடியிலிருந்து மேல்நோக்கி வளையம் வளையமாக மலர்வதால், சின்னஞ்சிறு கொண்டையைச் சுற்றி வெள்ளைச் சரம் சூட்டியதுபோல் தோன்றும். இளம்பூவின் தொண்டையில் உள்ள மஞ்சள், பூ முதிர முதிரச் செவ்வூதாவாக மாறும். குனிந்து பார்ப்பவருக்கே வாய்க்கும் காட்சி இது.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு இட்ட சிறப்புப்பெயரான 'நோடிஃப்ளோரா' என்பதற்குக் கணுவில் பூப்பது என்று பொருள். தமிழ்ப்பெயரோ பொடுகை நினைவூட்டுகிறது; இலைச்சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சிப் பொடுகுக்குத் தலையில் தேய்ப்பது சித்த மருத்துவ வழக்கம். இலையைத் துவையலாக அரைத்து உண்பதும் உண்டு.

பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தை, அதாவது நீர்நிலையைப் பேணும் குழுவை, உத்திரமேரூருக்கு உரியதாகக் குறிக்கின்றன. வயிரமேகத் தடாகம் என்று பெயர்பெற்ற அவ்வூர் ஏரியின் கரையை, வாரியத்தில் இடம்பெறாத பொடுதலையும் தன் பங்குக்குக் காத்திருக்கக்கூடும்.