கடவுள் பாத்துப்பார்... அப்ப நாம என்ன பண்ணணும்?

ஜிம், தூக்கம், சாப்பாடு பத்தி நாம பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்தது. "ப்ரோ, எல்லாத்தையும் இவ்ளோ ட்ராக் பண்றீங்களே, உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" உண்டு. அந்த நம்பிக்கையை எந்த இடத்துல வைக்கிறதுங்கறதுதான் இன்னைக்கு டாபிக்.

நம்ம வீடுகள்ல அடிக்கடி கேக்கற வாக்கியம், "கடவுள் பாத்துப்பார்." பரீட்சையை எழுதி முடிச்சுட்டு ஹாலை விட்டு வெளிய வரும்போது இதைச் சொன்னா ஒரு அர்த்தம். முந்தின நாள் ராத்திரி புக்கைத் திறக்காமலே சொன்னா வேற அர்த்தம். வாக்கியம் என்னவோ ஒண்ணுதான்.

எங்க வீட்ல இதை அதிகமாச் சொல்றவர் அப்பா. போன வருஷம் செக்கப்ல அவருக்கு எச்பிஏ1சி 8.9 வந்தது. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்னு கணக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார். அப்பா மாத்திரை போட்டுக்கிட்டார், நடக்க மட்டும் கிளம்பல. கேட்டா, "பெருமாள் பாத்துப்பார்டா. உங்க தாத்தா என்ன ஷூ மாட்டிக்கிட்டு வாக்கிங்கா போனார்?" தாத்தா தினமும் வயலுக்கு நடந்தே போய்ட்டு வந்தவர். அதை எடுத்துச் சொல்ற தைரியம் அம்மாவுக்குத்தான் உண்டு. சொல்லியும் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல.

நான் அவருக்கு நேர் எதிர். கையில வாட்ச், போன்ல கலோரி ஆப். ஒரு நாள் ஸ்டெப்ஸ் குறைஞ்சாலும் மனசு உறுத்தும். ஒரே வீட்ல ஒருத்தர் எல்லாத்தையும் பெருமாள்கிட்ட விட்டுட்டார், இன்னொருத்தர் எதையுமே விடல.

குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்

இதே கேள்வியைத் தமிழ்நாட்டு வைணவத்துல சுமார் 700 வருஷம் முன்னாடியே ரொம்ப ஆழமா விவாதிச்சிருக்காங்க. ஒரு பக்கம் காஞ்சிபுரம் தூப்புல்ல பிறந்த வேதாந்த தேசிகர். இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர். ரெண்டு பேரும் ராமானுஜர் வழி வந்தவங்கதான். பிற்பாடு வடகலை, தென்கலைன்னு ஆனது இந்த ரெண்டு பக்கமும்தான். நமக்கெல்லாம் நெத்தியில இருக்கற நாமத்தோட வித்தியாசம் மட்டும்தான் தெரியும். உள்ள இருந்தது ஒரு நிஜமான கேள்வி: கடவுள் காப்பாத்தறதுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து ஏதாவது வேணுமா, வேண்டாமா?

வடகலைக்குச் சொல்ற உதாரணம் குரங்குக்குட்டி. மரத்துக்கு மரம் தாவறது தாய்தான். ஆனா குட்டி தன் கையால தாயோட வயித்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். தென்கலைக்குச் சொல்றது பூனைக்குட்டி. அது எதையும் பிடிச்சுக்க வேண்டாம். தாயே கழுத்தைக் கவ்வித் தூக்கிட்டுப் போயிடும்.

இதை வீட்ல சொன்னதும் அப்பா, "அப்ப நான் பூனைக்குட்டி"ன்னு சந்தோஷமா முடிச்சுட்டார்.

ஆனா ஒண்ணு கவனிங்க. பூனைக்குட்டி பக்கம் நின்ன பெரியவங்க யாரும் சும்மா படுத்துக் கிடக்கல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, பூ தொடுத்து, தளிகை பண்ணி, கோயில் வேலை பாத்தவங்க அவங்க. அவங்க பார்வையில அந்த வேலை மோட்சத்துக்குக் கொடுக்கற விலை இல்ல. அது கைங்கரியம், அதாவது தொண்டு. "பலனை நான் சம்பாதிக்கணும்"கற பதட்டத்தைத்தான் விட்டாங்க, வேலையை விடல.

எனக்கும் சரி, அப்பாவுக்கும் சரி, இதுல பதில் இருக்கு. அவருக்கு: நடக்கறதும் கைங்கரியம்தான். எனக்கு: நடந்துட்டா போதும், அதுக்கப்புறம் நம்பரைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்.

தேர் ஓட்டினவர்

எங்க வீட்டு முட்டுக்கட்டையை உடைச்சது அம்மா. புரட்டாசி முதல் சனிக்கிழமை, அப்பா வழக்கம்போல ஆரம்பிச்சார். அம்மா சொன்னாங்க: "பெருமாள் உங்களைப் பாத்துப்பார், சரி. நீங்க அவரைப் போய்ப் பாத்துட்டு வாங்க. நடந்து."

அப்படித்தான் எங்க வீக்கெண்ட் ரொட்டீன் ஆரம்பிச்சது. காலையில மெரினாவுல 45 நிமிஷம் நடை, அப்புறம் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். அங்க சக்கரைப் பொங்கல் பிரமாதமா இருக்கும். அப்பாவுக்கு அதுல ஒரே ஒரு ஸ்பூன். மிச்சம் பூனைக்குட்டியோட பையனுக்கு.

அந்தக் கோயில்ல என்னை யோசிக்க வச்சது ரெண்டு விஷயம். மூலவர் வேங்கடகிருஷ்ணர் மீசையோட நிக்கறார், குடும்பமும் கூடவே நிக்குது. ருக்மிணி, அண்ணன் பலராமர், தம்பி சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன். உற்சவர் பார்த்தசாரதி முகத்துல தழும்பு இருக்கும். பாரதப் போர்ல பீஷ்மர் விட்ட அம்பு பட்ட காயம்னு சொல்லுவாங்க.

கதையை யோசிச்சுப் பாருங்க. கிருஷ்ணர் ஆயுதம் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் தேர் ஓட்ட வந்தார். வில்லை அர்ஜுனன்தான் எடுக்கணும். அதே சமயம், அர்ஜுனனைப் பாத்து வந்த அம்பை முன்னாடி உக்காந்திருந்தவரும் முகத்துல வாங்கினார். கடவுள் பாத்துப்பார்னா அம்பே வராதுன்னு அர்த்தம் இல்ல. ஒழுங்காச் சாப்பிட்டு, தினமும் ஓடறவங்களுக்கும் நோய் வரத்தான் செய்யுது. அந்த நேரத்துல "உனக்கு நம்பிக்கை பத்தல"ன்னு சொல்றவங்களை நான் ஏத்துக்க மாட்டேன். அது கொடுமை. நம்பிக்கை இன்ஷூரன்ஸ் பாலிசி இல்ல. நம்ம தேர்ல நாம தனியா இல்லங்கற தைரியம், அவ்ளோதான்.

அந்த மூணு மாசம்

ரத்தத்துல சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும். அதுல ஒட்டியிருக்கற சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி அளக்குது. அதனால அது கிட்டத்தட்ட மூணு மாசச் சராசரி. டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் பத்தியமா இருந்து அதை ஏமாத்த முடியாது. இன்னைக்கு நடந்த நடையோட பலனும் இன்னைக்கே அதுல தெரியாது.

நம்பிக்கைக்கான இடம் அதுதான்னு நினைக்கறேன். செய்யறதுக்கும் பலனுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியில. செய்ய வேண்டியதுக்குப் பதிலா நம்பிக்கையை வச்சா அது சோம்பல். செஞ்சு முடிச்சப்புறமும் நம்பிக்கை வரலைன்னா அது பதட்டம். ரெண்டுமே உடம்புக்கு நல்லதில்ல.

மூணு மாசம் கழிச்சு அப்பாவுக்கு 8.1 வந்தது. "பாத்தியா, பெருமாள்!"னார் அப்பா. "மாத்திரை"ன்னாங்க அம்மா. "வாக்கிங்"னேன் நான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "எதையும் நிறுத்தாதீங்க"ன்னார். 7-க்குக் கீழ கொண்டு வரணும், இன்னும் தூரம் இருக்கு. அடுத்த டெஸ்ட் அடுத்த மாசம்.

உங்களுக்கும் ஒரு சின்னக் கணக்கு தர்றேன். பெரியவங்க வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி பண்ணணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கொஞ்சம் வேகமா நடந்தாலே போதும். சனி, ஞாயிறு 45 நிமிஷம் நடந்தா 90. மிச்சம் 60-ஐ வார நாள்ல ரெண்டு அரை மணி நேரமாப் பிரிச்சுக்கலாம். கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, நீங்க எப்படியும் போற இடம் பக்கத்துல இருந்தா வண்டியை எடுக்காதீங்க. வீட்ல பெரியவங்க யாரையாவது கூடக் கூட்டிட்டுப் போங்க. அவங்க வேகத்துக்கு நடங்க, வாட்ச் என்ன சொன்னாலும் சரி. சுகர், பிபி இருக்கறவங்க மாத்திரையை டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. பெருமாளும் அதைத்தான் சொல்லுவார்.

உங்க வீட்ல "கடவுள் பாத்துப்பார்"னு அதிகமாச் சொல்றது யார், எப்பச் சொல்லுவாங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேப்போம். அதுவரைக்கும் நல்லா நடங்க, நல்லாத் தூங்குங்க. சந்திப்போம்.