பக்கத்து இருக்கையில் அப்பா

மீசை அரும்பியதுமே மகனிடம் கார் சாவியைக் கொடுத்து, "ஓட்டிப் பாருடா" என்கிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதற்கு முன் பிள்ளை ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கோ 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

18 ஆனதும் எல்.எல்.ஆர். எடுங்கள். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டுங்கள். ஆளில்லாத மைதானத்தில் முதல் நாள் கிளட்ச் மட்டும் போதும். காலை மெல்ல எடுக்கையில் வண்டி லேசாக அதிரும் ஓர் இடம் வரும். அதைப் பிள்ளையின் கால் தானே கண்டுபிடிக்கட்டும். உங்கள் கை ஹேண்ட்பிரேக் பக்கத்திலேயே இருக்கட்டும். பத்து முறை எஞ்சின் அணைந்தாலும் தயவுசெய்து கத்தாதீர்கள்.