தாம்பாளத்தில் கோள்கள்



புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் பாறைக் கோள்கள். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலே சிறுவர்கள் இவற்றைக் கையால் செய்தே அறியலாம். 1,000 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் எனக் கொண்டு களிமண் உருண்டை பிடித்தால், பூமியின் குறுக்களவு ஏறத்தாழ 13, வெள்ளி 12, செவ்வாய் 7, புதன் 5 சென்டிமீட்டர் ஆகும்.

தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பிக் கூழாங்கற்களை விழவிட்டால் குழிகள் தோன்றும். புதனின் மேனி அத்தகையது. நீர் தெளித்தால் அவை சரிந்து மறையும். பூமியில் மழை செய்த வேலை அதுவே. அதற்கும் தப்பியவற்றுள் ஒன்று, விண்கல் குடைந்த மராட்டியத்து லோனார் ஏரி.

பள்ளியில் பிறமொழியிலே பயிலும் நம் குழந்தைகள் ‘ஏன்?’ என்று தமிழில் கேட்கட்டும். தமிழிலேயே விடை பகர்வோம். அறிவியல் பேசாத மொழி அடுக்களையோடு நின்றுவிடும்.